சிமுலேட்டர் ஹெலி ஓரிடத்தில் நிற்குதில்லை: ஜோய்ஸ்டிக்கில் பிழையா, கேமில் பிழையா?

கேள்வி – கல்முனை வாசகர், 2024 ஜூன் 8

டிசிஎஸ் என்ற சிமுலேட்டர் கேமில் ஹியூவி ஹெலி எடுத்திருக்கிறேன். விமானங்கள் சுமாராக ஓட்டுவேன், இறக்குவேன். ஹெலி மட்டும் தரையை விட்டு எழும்பின உடனே மூக்கு வலப்பக்கம் சுழலுது, பிறகு முழு உடம்பும் வலப்பக்கம் நழுவுது, நான் பிடிக்கப் போக மற்றப் பக்கம் கவிழுது. என்னைக் கேட்டால் இந்த மொடலே பிழை. உண்மையான ஹெலி இப்படி ஆடாது. எயார்போஸ் (விமானப்படை) ஹெலி எங்கள் வீட்டுக்கு மேலால் அசையாமல் போகுது, தினமும் பார்க்கிறேன். ஜோய்ஸ்டிக்கை மாற்றவா, கேமை மாற்றவா?

பதில் – ஜூன் 8, இரவு

இரண்டையும் மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதின அறிகுறிகள்தான் மொடல் சரி என்பதற்குச் சாட்சி.

ஹியூவியின் பெரிய ரோட்டர் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். உடம்பு அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும், அதாவது மூக்கு வலப்பக்கம். கொலெக்டிவை (ஹெலியை ஏற்றி இறக்கும் லீவர்) இழுக்க இழுக்க டோர்க் (திருப்பு விசை) கூடும், திருப்பமும் கூடும். அதைப் பிடிப்பது வால் ரோட்டர், அதற்கு இடது பெடல். சரி, இடது பெடல் மிதித்தாயிற்று. இப்போது வால் ரோட்டர் வாலை மட்டும் தள்ளாது, முழு ஹெலியையும் வலப்பக்கம் தள்ளும். அதற்கு சைக்கிளிக்கை (ஹெலியைச் சாய்க்கும் பிடி, உங்களுக்கு ஜோய்ஸ்டிக்) இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்தே பிடிக்க வேண்டும். அதனால்தான் ஹோவரில், அதாவது ஓரிடத்தில் நிற்கும்போது, ஹியூவி இடது ஸ்கிட்டை (தரையில் ஊன்றும் சட்டம்) தாழ்த்தித் தொங்கும். இறங்கும்போதும் முதலில் தரையில் படுவது இடது ஸ்கிட்தான்.

ஆக, கொலெக்டிவ் கொஞ்சம் ஏறினால் இடது பெடலும் கொஞ்சம், இடது சைக்கிளிக்கும் கொஞ்சம். மூன்றும் ஒன்றாக. ஒன்றை அசைத்துவிட்டு மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றால் நடக்காது.

எயார்போஸ் கதைக்கு நாளைக்கு வருகிறேன். என்ன ஜோய்ஸ்டிக், பெடல் இருக்கிறதா, எந்த அசைவு எதை இயக்கும் என்ற அக்சிஸ் செட்டிங்ஸ் எப்படி, ஒரு படம் போடுங்கள்.

ஜூன் 9

படம் பார்த்தேன், கல்முனை நானா. ஒரே லீவருக்குக் கொலெக்டிவும் கொடுத்திருக்கிறீர்கள், த்ரோட்டிலும் கொடுத்திருக்கிறீர்கள். ஹியூவியில் த்ரோட்டில் என்பது கொலெக்டிவ் பிடியிலேயே இருக்கிற முறுக்கு. ஸ்டார்ட் ஆனதும் முழுதாகத் திறந்துவிட்டு அப்படியே விட வேண்டியது, மிச்சத்தைக் கவர்னர் (இஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கருவி) பார்த்துக்கொள்ளும். உங்கள் லீவரில் கொலெக்டிவைக் குறைக்கும்போதெல்லாம் இஞ்சினையும் சேர்த்து மூடுகிறீர்கள். ஹெலி கீழே விழாமல் என்ன செய்யும்?

இன்னொன்று. புதிதாக எதைச் செருகினாலும் டிசிஎஸ் தன்பாட்டில் அதற்கு அக்சிஸ் ஒதுக்கும். உங்களுக்கு பெடலும் ரடர் (மூக்கை இடம் வலம் திருப்புவது), ஜோய்ஸ்டிக் முறுக்கும் ரடர். இரண்டும் சண்டை பிடிக்கின்றன. அக்சிஸ் பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் அழியுங்கள். பிறகு சைக்கிளிக்குக்கு இரண்டு, கொலெக்டிவுக்கு ஒன்று, பெடலுக்கு ஒன்று, அவ்வளவுதான். த்ரோட்டிலுக்கு கீபோர்ட் போதும்.

கொக்பிட்டில் இருந்துகொண்டு வலது கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால் சிவப்பில் ஒரு சின்னப் பெட்டி வரும். கை எங்கே இருக்கிறது, கேம் எங்கே இருப்பதாக நினைக்கிறது என்று அதில் தெரியும். பறக்க முதல் எல்லாவற்றையும் மூலைக்கு மூலை அசைத்து அதில் பாருங்கள். லீவரை முன்னுக்குத் தள்ளினால் ஏறுவதா, இழுத்தால் ஏறுவதா என்பது அவரவர் விருப்பம். நான் இழுத்தால் ஏறுகிற மாதிரித் திருப்பி வைத்திருக்கிறேன். உண்மையான கொலெக்டிவைக் கை அப்படித்தான் தூக்கும்.

எயார்போஸ் கதை: இங்கே தலைக்கு மேலால் போவதில் எம்ஐ-17உம் உண்டு, பெல் 212உம் உண்டு. எம்ஐ-17 எங்கள் டிசிஎஸ் எம்ஐ-8இன் குடும்பம். அதில் ஓட்டோபைலட் ஆட்டத்தைத் தானே அடக்கும். பெல் 212 ஹியூவி குடும்பத்து இரட்டை இஞ்சின். அதை அசையாமல் வைத்திருப்பது பைலட்டின் கை. கீழே நின்று பார்க்கிற எங்களுக்கு அந்தக் கை தெரியாது. அதோடு அவர்கள் உங்கள் வீட்டுக்கு மேல் ஹோவர் செய்வதில்லை, வேகமாகப் போகிறார்கள். வேகத்தில் எந்த ஹெலியும் நல்ல பிள்ளை.

ஜூன் 11

மூன்று பேர் "கேர்வ் 30 போடு, எல்லாம் சரியாகும்" என்று எழுதியிருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கேர்வ் போட்டால் ஜோய்ஸ்டிக்கின் நடுப்பகுதி மந்தமாகும், ஓரம் கூர்மையாகும். விமானத்துக்கு நல்லது, ஏனென்றால் அங்கே கை பெரும்பாலும் நடுவில்தான். ஹெலியில் ஹோவர் நிற்கிற இடம் நடு இல்லை, இடப்பக்கம் தள்ளி இருக்கிறது என்று முதல் நாளே சொன்னேன். அப்போது நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது கேர்வின் ஏறுகிற பகுதி. இடப்பக்கம் அசைத்தால் ஒரு வேகம், வலப்பக்கம் அசைத்தால் இன்னொரு வேகம். கை எப்படிப் பழகும்?

அதற்குப் பதிலாக அதே பக்கத்தில் உள்ள வை-சச்சுரேஷனை 75, 80 வரை குறையுங்கள். முழு ஓட்டமும் ஒரே சீராக மந்தமாகும். டெட்ஸோன், அதாவது அசைத்தாலும் கேம் கண்டுகொள்ளாத நடுப்பகுதி, வேண்டவே வேண்டாம். ஹோவரில் தேவைப்படுகிற அசைவு முழுக்க டெட்ஸோனின் அளவுதான். அதை விழுங்கிவிட்டு எதைக் கொண்டு பிடிப்பீர்கள்?

ஜூன் 12

ஓட்டமாவடித் தம்பிக்கு: கை வைக்காமலே மூக்கு திடீர் திடீரென்று வெட்டினால் அது உங்கள் ஓட்டத்தின் பிழையில்லை. விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து, ஜோய்ஸ்டிக்கைத் தொடாமல் பாருங்கள். குறி துள்ளுகிறதா? அப்படியென்றால் உள்ளே உள்ள பொட்டென்ஷியோமீட்டர். கரித்தடத்தின் மேல் உரசுகிற சாமான் அது. இங்கே கடற்காற்று, உப்பு, ஈரம், எல்லாம் சேர்ந்து சீக்கிரம் தின்றுவிடும். கொன்டாக்ட் கிளீனர் அடித்து மூலைக்கு மூலை நன்றாகத் திருப்பிவிடுங்கள். என்னுடையது கல்லடியில் கடலுக்குக் கிட்ட இருப்பதால் அடிக்கடி இந்த வைத்தியம் தேவைப்படுகிறது.

புதிதாக வாங்குவதென்றால் காந்தத்தால் அசைவை அறிகிற ஹோல் சென்சர் உள்ளதைப் பாருங்கள், அதில் உரசல் இல்லை. ஆனால் டி.16000எம் ஜோய்ஸ்டிக் வாங்குகிறவர்கள் கவனம்: சைக்கிளிக் அக்சிஸ் இரண்டும் ஹோல், முறுக்கு மட்டும் பழைய பொட்டென்ஷியோமீட்டர்தான். பெட்டியில் அதைப் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள்.

ஜூன் 16

நானா இப்போது மைக்ரோசொஃப்ட் சிமுலேட்டரில் மட்டக்களப்பு விமான நிலையத்திலிருந்து எழும்பி, வாவிக்கு மேல் ஹோவர் பழகுகிறாராம். "பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்று நினைத்தேன், பார்த்தால் புளியந்தீவுக்குப் போய்விட்டேன்."

தண்ணீருக்கு மேல் ஹோவர் பழகாதீர்கள். சிமுலேட்டரில் உங்களுக்கு இருப்பது கண் ஒன்றுதான். இருக்கையில் உணர்கிற நழுவல், காதுக்குள் உணர்கிற சாய்வு, ஒன்றும் இல்லை. அலை இல்லாத வாவி ஒரே நிறம். நழுவுவதும் தெரியாது, இறங்குவதும் தெரியாது. உண்மையான பைலட்டுகளுக்கே கண்ணாடித் தண்ணீரில் உயரம் பிடிபடாது. வயல் வரம்பு, ரோட்டு, ரன்வேயின் ஓரக்கோடு, இப்படி மூலை முடுக்கு உள்ள இடத்தில் நில்லுங்கள். அம்பாறைப் பக்கம் போனால் வரம்புக்குக் குறைவேயில்லை.

பார்வையும் ஸ்கிட்டுக்குக் கீழே இருக்கக் கூடாது. தூரத்தில் ஒரு மரம், ஒரு கூரை, அதைப் பாருங்கள். கிட்டப் பார்த்தால் சின்ன அசைவும் பெரிதாகத் தெரியும், கை பயந்து பெரிதாகத் திருத்தும். ஸூம் பண்ணி ஓட்டுகிறவர்களுக்கும் அதே வியாதி. பார்வைக் கோணத்தை அகலமாக்கி, கால் பக்கக் கண்ணாடியின் ஒரு துண்டும் திரையில் தெரிகிற மாதிரி வைத்தால் போதும். தலையை அசைத்துப் பார்க்க விரும்பினால் ஓப்பன்ட்ராக் இலவசம், சாதாரண வெப்கேமராவோடும் ஓடும்.

ஜூன் 18

பெருநாள் வாழ்த்து எல்லாருக்கும். நானா வட்டிலாப்பம் தருவதாக எழுதியிருக்கிறார், அதை ஸ்கிரீன்ஷொட்டில் தர முடியாது என்பதைப் பணிவோடு அறியத் தருகிறேன்.

அக்சிஸ் சரி, பார்வை சரி, இன்னும் ஊஞ்சலாடுகிறது என்கிறார். இது கை. இடப்பக்கம் சாய்கிறது, வலப்பக்கம் திருத்துகிறீர்கள், அது வேலை செய்ய ஒரு நொடி பிடிக்கிறது. அந்த நொடியில் "போதவில்லை" என்று இன்னும் தள்ளுகிறீர்கள், பிறகு இரண்டும் சேர்ந்து வருகின்றன. வாவியில் தோணியில் எழும்பி நின்று வலை வீசுகிறவரைப் பாருங்கள். தோணி சாய்ந்த பிறகு அவர் காலை மாற்றுவதில்லை, சாயப் போகிறது என்ற இடத்திலேயே மாற்றி, உடனே திரும்ப எடுத்துவிடுவார். சைக்கிளிக்கும் அப்படித்தான்: சின்னதாகத் தட்டு, பாதியைத் திரும்ப எடு, என்ன நடக்கிறது என்று பார்.

பிடியை முழுக் கையால் இறுக்காதீர்கள். முன்கையைத் தொடையில் ஊன்றி, மூன்று விரலால் பிடியுங்கள். மேசைக்கு மேல் ஜோய்ஸ்டிக் வைத்து ஓட்டுகிறவர்கள் அதை இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு ஸ்டூலில் வைத்துப் பாருங்கள். நான் அப்படி மாற்றின அன்றுதான் ஹோவர் என்ற ஒன்று எனக்குக் கிடைத்தது. செட்டிங்ஸில் மாதக்கணக்காகத் தேடினது ஸ்டூலில் இருந்தது.

ஜூன் 23

இப்போது அடுத்த வகைக் கேள்வி, நான்கு பேர் ஒரே மாதிரி: "இறங்க வரும்போது ஹெலி கல் மாதிரி விழுகிறது, கொலெக்டிவ் முழுதாக இழுத்தும் நிற்கவில்லை."

வோர்ட்டெக்ஸ் ரிங். நேரே கீழே இறங்கும்போது, ரோட்டர் தான் தள்ளிவிட்ட காற்றுக்குள்ளேயே திரும்பப் போய் உட்கார்ந்துகொள்கிறது. கொலெக்டிவை இழுத்தால் அந்தச் சுழல் இன்னும் பலக்கும், இன்னும் வேகமாக விழுவீர்கள். அதற்கு மூன்றும் ஒன்றாக வேண்டும்: முன்வேகம் மிகக் குறைவு, இறக்கம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 அடிக்கு மேல், ரோட்டரில் பவரும் இருக்கிறது. ஒன்றை உடைத்தால் போதும்.

வழமையான வைத்தியம்: சைக்கிளிக்கை முன்னுக்குத் தள்ளி வேகம் எடு, கொலெக்டிவைக் கொஞ்சம் விடு. வேகம் வந்து புதிய காற்றுக்குள் போனதும் இழுக்கலாம். உயரம் போகும். 100 அடியில் இது வந்தால் வைத்தியத்துக்கு நேரமில்லை, அதனால் வராமல் பார்ப்பதுதான் பாடம். வேகம் 20 நொட்டுக்குக் கீழே வந்துவிட்டால் இறக்கமானியில் ஒரு கண் இருக்க வேண்டும். ஏறக்குறைய 16இலிருந்து 24 நொட்டுக்குள் ஹெலி ஒரு குலுக்குக் குலுக்கும். ஏறும்போது அது நல்ல செய்தி, ரோட்டர் சுத்தமான காற்றுக்குள் வந்துவிட்டது, இலவசமாக லிஃப்ட் கிடைக்கும். இறங்கும்போது அதே குலுக்கல் "இனி நீயே தூக்கு" என்கிறது. அந்த இடத்தில் கொலெக்டிவ் ஏறவில்லையென்றால் மிச்சம் நீங்கள் எழுதினதுதான்.

இன்னொரு காரணம் கச்சான், மேற்கிலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று. இந்த மாதங்களில் சிமுலேட்டரில் நேரடி வானிலை போட்டுக்கொண்டு பாசிக்குடாவில் இறங்குகிறவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். தரையோடு பார்த்தால் வேகம் இருக்கிற மாதிரித் தெரியும், ரோட்டருக்கு வேகமே இல்லை. கடல் காட்சியை விட்டுவிட்டு, மூக்கைக் கரைப்பக்கம் திருப்பி இறங்குங்கள்.

ஜூன் 24

வோர்ட்டெக்ஸ் ரிங்குக்கு வுய்ஷார் முறையை ஏன் சொல்லவில்லை என்று ஒருவர் கோபித்திருக்கிறார். சரி. சுவிஸ் பைலட் குளோட் வுய்ஷார் பரப்பிய முறை: கொலெக்டிவை ஏற்று, மூக்கை நேரே வைக்க இடது பெடல், சைக்கிளிக் வலப்பக்கம். பக்கவாட்டில் சுழலை விட்டு வெளியே வந்துவிடும், உயரம் குறைவாகவே போகும். ஆனால் கோபித்தவர் எழுதினபடி எம்ஐ-8இலும் அப்படியே செய்தால் பிழை. எம்ஐ-8இன் ரோட்டர் வலஞ்சுழி. அங்கே வலது பெடல், இடது சைக்கிளிக்.

ஜூலை 2

வெயில். இன்றைக்கு இங்கே விசிறிக் காற்றும் சுடுகிறது. அதிலிருந்து ஒரு விஷயம்.

"ஹியூவியில் ஆட்களை ஏற்றினால் எழும்புதில்லை, பீப் பீப் என்று கத்துது, இடது பெடல் முழுதாக மிதித்தும் மூக்கு வலப்பக்கம் போகுது." இது அம்பாறைக்காரர்.

கத்துவது ரோட்டர் ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) குறைந்ததற்கு. இஞ்சின் தரக்கூடியதற்கு மேல் கொலெக்டிவ் கேட்கிறது. ரோட்டரின் அலகுகள் (பிளேடுகள்) மெதுவாகின்றன, அவற்றோடு வால் ரோட்டரும் மெதுவாகிறது, இடது பெடலுக்கு வேலை செய்ய ஆளில்லை. இந்த இடத்தில் எல்லாருடைய கையும் கொலெக்டிவை இன்னும் இழுக்கும். செய்ய வேண்டியது எதிர்மாறு: ஒரு விரல்கடை இறக்கு, ஆர்பிஎம் திரும்ப வரட்டும். புறப்பட முன் கவர்னர் சுவிட்சால் இஞ்சினை 6600க்கு ஏற்றினீர்களா என்றும் பாருங்கள். ஸ்டார்ட் பண்ணி நேரே எழும்புகிறவர்கள் அதை மறந்துவிடுவார்கள். டோர்க் மானியில் 50க்கு மேல் போகக் கூடாது.

வெயில் ஏன் வந்ததென்றால், 15 பாகைதான் கணக்குக்கான பொது வெப்பநிலை. 35 பாகையென்றால் 20 கூட. ஒரு பாகைக்கு ஏறக்குறைய 120 அடி. கடல் மட்டத்தில் நிற்கிற ஹெலி 2400 அடி மலையில் நிற்கிறதாக நினைத்துக்கொள்ளும். மிஷன் எடிட்டரில் வெப்பநிலையை 15ஆக்கி ஒருமுறை, 35ஆக்கி ஒருமுறை எழும்பிப் பாருங்கள், டோர்க் மானி கணக்கைச் சொல்லும். தரையோடு ஒட்டி, ரோட்டரின் அகலத்துக்குள் நிற்கும்போது தரை கொஞ்சம் தாங்கும். அங்கேயே முன்னுக்கு உருட்டி வேகம் எடுத்த பிறகு ஏறுங்கள். நேரே மேலே தூக்குவது வெறும் ஹெலிக்கு.

ஜூலை 7

கேர்வ் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். அக்கரைப்பற்றில் ஒருவர் எக்ஸ்பொக்ஸ் பேடால், கட்டைவிரல் குச்சியால், ஹியூவி ஓட்டுகிறார். வீடியோ அனுப்பினார். சுத்தமான ஹோவர். கேர்வ் 25.

அவர் ட்ரிம் பண்ணுகிறார், அதுதான் வித்தியாசம். ஹோவர் நிலைக்குக் கொண்டுவந்து ட்ரிம் பட்டனை அழுத்திவிட்டுக் குச்சியை விட்டால் அந்த நிலையே புதிய நடுவாகிறது. கேர்வின் மந்தமான பகுதியும் அங்கே நகர்ந்துவிடுகிறது. ஆக, ட்ரிம் பண்ணுகிறவருக்கு, முக்கியமாகக் குட்டைக் குச்சிக்காரருக்கு, கேர்வ் நல்லது. ஜூன் 11 குறிப்பு ட்ரிம் தொடாமல் ஓட்டுகிறவர்களுக்கு என்று வாசியுங்கள். சச்சுரேஷனுக்கும் ஒரு விலை உண்டு: ஜோய்ஸ்டிக்கின் எல்லை சுருங்கிவிடும், வேகமாகப் போகும்போது முன்னுக்குத் தள்ள இடமில்லாமல் போகலாம். ஹோவர் பழகும்வரை வைத்திருந்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள்.

ஜூலை 20

பிரேம், அதாவது நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பது. படம் தடக்கித் தடக்கி ஓடினால் ஹோவர் வராது. கை அசைத்ததும் கண்ணுக்கு வருவதும் தள்ளிப் போனால், ஜூன் 18இல் சொன்ன ஊஞ்சல்தான். நிழல்களைக் குறையுங்கள், வி-சிங்கை நிறுத்திப் பாருங்கள். ஹெலிக்கு அழகு தேவையில்லை.

பறந்துகொண்டிருக்கும்போது ஜோய்ஸ்டிக் செத்துச் செத்து உயிர் வந்தால், விண்டோஸ் யுஎஸ்பிக்கு மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது. பவர் செட்டிங்ஸில் அதை நிறுத்துங்கள். கரண்ட் போனால்? அதற்கு செட்டிங்ஸ் இல்லை, யுபிஎஸ் வாங்குங்கள்.

சத்தத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: நான் ஹெட்செட்தான். அம்மாவுக்கு ஹியூவியின் அந்த இரண்டு அலகுச் சத்தம் இன்றைக்கும் ஆகாது. ஒருமுறை ஸ்பீக்கரில் போனதற்கு, அடுப்படியிலிருந்து வந்து வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் காரணம் கேட்க மாட்டார்கள்.

ஓகஸ்ட் 5

மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போய் வந்து இப்போதுதான் பார்க்கிறேன், நிறையச் சேர்ந்திருக்கிறது. சுருக்கமாக.

ட்ரிம் அழுத்தியதும் மூக்கு குத்துகிறதென்றால், அழுத்தின பிறகும் ஜோய்ஸ்டிக்கை நடுவுக்கு விடாமல் பிடித்திருக்கிறீர்கள். ட்ரிம் ஒரு பங்கு, உங்கள் கை இன்னொரு பங்கு, இரட்டிப்பு. ஹியூவிக்கான தனி ஒப்ஷன்களில், நடுவுக்குத் திரும்பும்வரை கையைக் கணக்கில் எடுக்காதே என்று ஒரு முறை இருக்கிறது. ஸ்பிரிங் உள்ள ஜோய்ஸ்டிக் எல்லாவற்றுக்கும் அதுதான்.

மைக்ரோசொஃப்டில் பெல் 407இலிருந்து கப்ரிக்கு மாறியதும் மூக்கு இடப்பக்கம் போகிறதாம். போகத்தான் வேண்டும். கப்ரி பிரெஞ்சு ஹெலி, ரோட்டர் வலஞ்சுழி, வலது பெடல். பழகின கால் இரண்டு நாளைக்கு உங்களைத் திட்டும்.

டிசிஎஸ் வாங்கக் காசில்லை என்கிற தம்பி: ஹியூவியை 14 நாள் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம். பிசியே பழசென்றால் ஃபிளைட்கியர், முழு இலவசம். அதில் உள்ள போ-105 கைக்கு மிகக் கூர்மையாகத் திரும்பும், அதிர்ச்சி வேண்டாம்.

ஓகஸ்ட் 11

நானா ஹோவரும் இறக்கமும் முடித்துவிட்டு, ஓட்டோரொட்டேஷன் கேட்கிறார், அதாவது இஞ்சின் இல்லாமல் காற்றே ரோட்டரைச் சுற்ற இறங்குவது.

1500 அடி, 80 நொட்டில் தொடங்குங்கள். த்ரோட்டிலை மூடின அந்த நொடியே கொலெக்டிவ் முழுக்கக் கீழே, கூடவே வலது பெடல், ஏனென்றால் டோர்க் போய்விட்டது, இடது பெடல் மட்டும் மிச்சம் நிற்கிறது. யோசித்துவிட்டு இறக்கினால் ரோட்டர் நின்றுவிடும். வேகத்தை 60இலிருந்து 80க்குள் வைத்திருங்கள். ரோட்டர் ஆர்பிஎம் 294க்குக் கீழே போகக் கூடாது, 339ஐத் தாண்டப் பார்த்தால் கொலெக்டிவைக் கொஞ்சம் தூக்கி அடக்குங்கள். மூக்கைக் குத்தி வேகம் எடுக்காதீர்கள். இரண்டு அலகு ரோட்டரில் உடம்பு பாரமில்லாமல் மிதக்கிற மாதிரித் திடீரெனத் தள்ளினால் ரோட்டர் தலை அதைத் தாங்குகிற தண்டில் (மாஸ்ட்) இடிக்கும், அதோடு கதை முடிந்தது.

100 அடிக்குக் கிட்ட மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொல்லுங்கள். இந்தத் தூக்கலில் ஆர்பிஎம் ஏறும், அதுதான் கடைசிக்குக் கையிருப்பு. தரைக்குக் கிட்ட மட்டப்படுத்தி, கொலெக்டிவை ஒரே இழுவையில் முழுதாக இழுத்து உட்காருங்கள். இரண்டாவது இழுவைக்கு ரோட்டரில் ஒன்றும் மிச்சமிருக்காது. முதலில் ரன்வேயில் பழகுங்கள், கொஞ்சம் முன்னுக்குச் சறுக்கி நின்றால் பரவாயில்லை, ஸ்கிட் அதற்குத்தான்.

கயிற்றில் பாரம் தூக்குவது பற்றிக் கேட்டதற்கு வேறு இழை திறக்கிறேன். இதில் இனி எழுத இடமில்லை.